தகுதி என்னும் சொல்: உதவித்தொகை அலுவலகமும் கிறிஸ்தவ ஊழியரின் மனச்சான்றும்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுவதை நம்மில் பலர் அறிவோம். அன்று மனுவும் கையுமாகக் காத்திருப்போருள் முதியோர் பலர். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தும் கிள்ளையிலிருந்தும் இரண்டு பேருந்துகள் மாறி வந்தவர்கள் அவர்களுள் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் முதியோர் உதவித்தொகை. மக்கள் வழக்கில் அது ‘ஓ.ஏ.பி. பணம்’. மேசைக்கு இப்புறம் நிற்கும் இந்த ஏழையைக் குறித்து நம் இறையியல் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நிறையப் பேசியிருக்கிறது. பேச வேண்டியதும் முறையே. ஆயினும் மேசைக்கு அப்புறம் அமர்ந்து, மனுவைப் பிரித்துப் படித்து, ‘தகுதியுண்டு’ என்றோ ‘தகுதியில்லை’ என்றோ எழுதுகிறவரைக் குறித்து நாம் சிந்தித்தது மிகக் குறைவு. அவரும் நம் ஆலயத்தில் திருவிருந்து பெறுகிறவரே. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள சபைகளில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் ஆகிய பணிகளில் இருப்போர் சிலரேனும் இல்லாத சபை அரிது.

அத்தகையோருக்கு நாம் மேடையிலிருந்து சொல்வதெல்லாம் ‘கையூட்டு வாங்காதே’ என்ற ஒன்றே. அது தேவையான சொல்தான். ஆனால் கை சுத்தமானவனின் இடர்ப்பாடு அவ்விடத்தில் முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டத்தின் வரலாறு

முதியோர் உதவித்தொகைத் திட்டம் நம் மாநிலத்தில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அன்று மாதத்திற்கு 20 ரூபாய். பின்னர் 1974இல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கும், 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981இல் வேளாண்மைத் தொழிலாளருக்கும், 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இவ்வுதவி விரிவாக்கப்பட்டது. மத்திய அரசு 1995 ஆகஸ்டு 15 முதல் தேசிய சமூக உதவித் திட்டத்தின் வழியாகத் தன் பங்காக 75 ரூபாய் தந்தது. பின்னர் அது 200 ஆயிற்று. எண்பது வயதுக்குட்பட்ட முதியோருக்கு அதன் பின் அப்பங்கு நெடுங்காலம் உயரவேயில்லை. மாநில அரசு 2011இல் மொத்தத் தொகையை 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. ஒரு காலத்தில் அஞ்சல்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து, திண்ணையில் அமர்ந்து எண்ணிக் கொடுத்து, அதில் தமக்கென்று சிறிது எடுத்துக்கொண்டும் போனார். இன்று வங்கிக் கணக்கும் கைரேகை பதியும் கருவியும் வந்துவிட்டன. நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டுத் தேய்ந்த விரலின் ரேகையை அக்கருவி அறிந்துகொள்ளாமற்போவது வேறு கதை.

மனு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குச் செல்லுகிறது. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தருகிறார். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்கிறார். தனி வட்டாட்சியர் ஆணையிடுகிறார். இவர்களுள் கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவி 1980இல் பிறந்தது. அதற்கு முன் மணியக்காரரும் கர்ணமும் பரம்பரை உரிமையாக அவ்வேலையைப் பார்த்து வந்தனர். ஊரில் நிலமும் சாதி மேன்மையும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே ஊர்க்கணக்கும் இருந்தது. அம்முறை ஒழிக்கப்பட்ட பிறகே, சேரியிலும் மீனவக் குப்பத்திலும் பிறந்த பிள்ளைகள் தேர்வு எழுதி அந்த நாற்காலியில் அமர இடம் உண்டாயிற்று. நம் சபை மக்களில் பலர் இப்பணிக்கு வந்ததற்கும் இது ஒரு காரணம். அந்த நாற்காலியை இழிவாகப் பேசுகிற போதகர் இவ்வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

விதிக்கும் பசிக்கும் நடுவில்

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். எழுபது வயதான கைம்பெண் ஒருவர் மனு கொடுக்கிறார். அவருக்கு ஒரு மகன் உண்டு; திருப்பூரில் வேலை செய்கிறான்; அவன் பெயரில் ஓட்டு வீடு ஒன்றும் இருக்கிறது. தாங்கக்கூடிய உறவினர் இல்லாதவர்க்கே உதவி என்பது இத்திட்டத்தின் தொடக்கக்கால நிபந்தனை. ‘ஆதரவற்ற’ என்ற சொல் இன்றளவும் அதன் தலைப்பிலே நிற்கிறது. தாளின்படி இப்பெண் ஆதரவற்றவர் அல்லர். உண்மையிலோ மகன் மூன்று ஆண்டுகளாக எட்டிப் பார்த்ததில்லை. விசாரிக்கும் அலுவலர் அவர் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அறிக்கையில் என்ன எழுதுவது? ‘மகன் உண்டு’ என்றால் அது பொய்யன்று. ‘ஆதரவில்லை’ என்றாலும் பொய்யன்று. எந்த மெய்யை எழுதுவது என்பதே அவருடைய சோதனை.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மகன்மீது வழக்கிட்டுப் பராமரிப்புத் தொகை பெறலாம். கோட்ட அளவில் அதற்கொரு தீர்ப்பாயமும் உண்டு. சட்டத்தின் விடை நேரியதே. ஆனால் மகனைத் தீர்ப்பாயத்தில் நிறுத்த எந்தத் தாய் முன்வருவாள்? ‘அவனுக்கே ஆயிரம் கஷ்டம்’ என்று சொல்லி எழுந்து போகிற தாய்மாரையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

இதனோடு பற்றாக்குறை என்னும் இன்னொரு சுமையும் சேர்கிறது. மத்திய அரசு தன் பங்கைத் தரும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு மாநிலந்தோறும் உச்சவரம்பு உண்டு. மாநிலத்தின் நிதிக்கும் எல்லை உண்டு. ஆகவே தகுதியுள்ளவர் எல்லாரும் உடனே பெறுவதில்லை. ஏற்கெனவே பெறுகிற ஒருவர் இறந்து இடம் காலியாகும்வரை காத்திருக்க நேர்கிறது. விதியைச் சற்றுத் தளர்த்தி இக்கைம்பெண்ணுக்கு உதவி வழங்கினால், பட்டியலில் அடுத்திருப்பவர், மகனும் வீடும் இல்லாத ஒருவர், இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாகலாம். அவர் அலுவலகத்துக்கு வந்து அழவில்லை. அவருக்காக எவரும் தொலைபேசியில் பேசவுமில்லை. கண்ணெதிரே நிற்பவர்மேல் இரங்குவது எளிது. காணாதவர்மேல் இரங்குவதற்குத்தான் விதி என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. ஏழை என்பதற்காகவும் வழக்கில் முகம் பாராதே என்று லேவியராகமம் 19:15 இடும் கட்டளையை நம் இளம் இறையியல் மாணவர்கள் சற்றுச் சங்கடத்தோடு கடந்துபோவதுண்டு. இந்த மேசையில் அமர்ந்தவருக்கு அதன் பொருள் விளங்கும்.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் வெளியிட்ட நூலொன்றில் இந்நிலையை ஆராய்ந்தார். தலைநகரில் எழுதப்படும் கொள்கை எதுவாயினும், மக்கள் அனுபவிக்கும் கொள்கையை ஆக்குகிறவர் கடைசி மேசையில் உள்ள ஊழியரே என்பது அவர் கருத்து. வேலை மிகுதி, நேரமும் பணமும் குறைவு. ஆகவே ஊழியர் தம்மைக் காத்துக்கொள்ளச் சில குறுக்குவழிகளைப் பழகிக்கொள்கிறார். நம்மூரில் அக்குறுக்குவழியின் பெயர் ‘நாளைக்கு வா’. சிதம்பரத்தில் அச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தில்லைக்குப் போக ஏங்கி, ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்த ஆதனூர் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்பதே பெயராயிற்று. இன்றும் அந்நகரின் அலுவலகங்களில் ‘நாளை’ என்று அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் யாராயிருக்கிறார்கள் என்று ஆயர்மார் ஒருநாள் காலை அங்குச் சென்று பார்த்தால் தெரியும்.

ஆதித்திருச்சபையின் பட்டியல்

இவ்விடர்ப்பாடு நமக்குப் புதிதன்று. 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தை ஓர் அரசாணையைப் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். உதவி பெறும் விதவைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அறுபது வயதுக்குக் குறைந்தவர் சேர்க்கப்படலாகாது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே தாங்க வேண்டும். நன்னடத்தைக்கு அத்தாட்சி வேண்டும். சபை பாரமடையாமல், உண்மையில் திக்கற்றோருக்கு உதவி கிட்ட வேண்டும் என்பதே காரணம். வயது வரம்பு, உறவினர் நிபந்தனை, நிதிப் பற்றாக்குறை ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. நம் நாட்டுத் திட்டமும், 2011இல் வயதைக் குறைத்தபின், அதே அறுபதில் வந்து நிற்பது தற்செயலாயினும் வியப்பூட்டுவது. அன்பின் சமூகமென்று நாம் போற்றும் ஆதித்திருச்சபையே தகுதி பார்க்க வேண்டியதாயிற்று. விதி வகுப்பதே அன்புக்கு விரோதமென்று போதிப்பவர்கள் இவ்வதிகாரத்துக்கு விடை கூறியாக வேண்டும்.

அதே வேளையில், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போயினர். எவரும் வேண்டுமென்று விலக்கியதாக லூக்கா எழுதவில்லை. பகிர்ந்தவர்களுக்குத் தம்மொழி பேசுவோர் கண்ணில் பட்டனர், மற்றவர் படவில்லை. இதற்குத் திருச்சபை கண்ட பரிகாரம் கவனிக்கத்தக்கது. தெரிந்துகொள்ளப்பட்ட எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட மக்களைச் சேர்ந்தவர்கள் கையிலேயே பகிர்வு ஒப்படைக்கப்பட்டது என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது இப்பாடம் நம் கண்முன்னே நடந்தது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பிச்சாவரம் அருகேயுள்ள எம்.ஜி.ஆர். திட்டு எனப் பல இடங்கள் அழிந்தன; மாவட்டத்தில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிவாரணம் விரைந்து வந்தது. அலுவலர் பலர் உறக்கமின்றி உழைத்தனர். ஆனால் பட்டியல் எங்கிருந்து வரும்? மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கட்டுக்கோப்பானது. அது தந்த பட்டியல் கையில் தயாராக இருந்தது. படகும் வலையும் இழந்தவர் பெயர் அதில் இருந்தது. படகின்றிக் கழிமுகத்தில் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர் பெயரும், மீன் சுமந்தும் உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்தும் வாழ்ந்த ஆதிதிராவிடர் பெயரும் பல இடங்களில் விடுபட்டன. இழப்பதற்குப் படகு இல்லாதவன் எதையும் இழக்கவில்லை என்பது பட்டியலின் தருக்கம். அவசரகாலத்தில் கையிலுள்ள பட்டியலை நம்பிய எழுத்தரைக் கொடியவரென்று சொல்ல முடியாது. யார் விடுபட்டார் என்று மறுமுறை கேட்டவரும் அன்று சிலரேனும் இருந்தனர். இருளர்க்கு மற்றொரு தடையும் உண்டு: பழங்குடிச் சான்றிதழை 1989 முதல் கோட்ட அளவிலான அதிகாரியே வழங்குகிறார், பள்ளிச் சான்றும் பட்டாவும் இல்லாத தந்தைக்குப் பிறந்த பிள்ளை, தான் இன்னார் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிக்கும்?

சாதிச் சான்றும் ஞானஸ்நானப் பதிவேடும்

இனி நம் சபைகளை நேரே சுடுகிற பொருளுக்கு வருவோம். 1950இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து சமயத்தினரல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்கள் வெளியிலேயே நிற்கின்றனர். தமிழகத்தில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர், தம் தொழிலினர்க்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதென்று தொடுத்ததே சூசை வழக்கு. உச்ச நீதிமன்றம் 1985இல் அதைத் தள்ளிற்று. மதம் மாறியும் தாழ்வு மாறவில்லை என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்பது நீதிபதிகள் கருத்து. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உரிமை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயம் சென்றுவந்த ஒருவர் வேலைக்காக மட்டும் தம்மை இந்து என்பது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது மேசைக்கு வருவோம். சான்றிதழுக்கு மனு கொடுத்த இளைஞன், ஞாயிறுதோறும் அவ்வலுவலரின் பின்வரிசையில் அமர்ந்து பாடுகிறவன். தாளில் இந்துப் பெயர், ஊரில் சேரி, வயலில் கூலி, தேநீர்க் கடையில் பட்ட அவமானம் அவனுக்கும் அவன் இந்து உறவினனுக்கும் ஒன்றே. அலுவலர் கையொப்பமிட்டால் தாம் அறிந்ததை மறைத்தவராகிறார். மறுத்தால், அநீதியென்று தம் திருச்சபையே தீர்மானம் போட்டுக் கண்டிக்கிற ஓர் ஆணையின் கருவியாகிறார். அநியாயமான ஆணைகளை எழுதி ஏழையின் நியாயத்தைப் புரட்டுவோரை ஏசாயா 10ஆம் அதிகாரம் சாடுகிறது; ஆனால் எழுதினவர் வேறு, எழுதியதைச் செயற்படுத்துகிறவர் வேறு. பார்வோன் கட்டளையைத் தந்திரமாய்த் தவிர்த்த எபிரெய மருத்துவச்சிகளை இங்கே எடுத்துக்காட்டுவோர் உண்டு. அங்கே உயிர் நின்றது. இங்கே ஒரு படிப்பும் வேலையும் நிற்கின்றன. அளவு வேறுதான். எனினும் இவ்வேறுபாட்டைச் சொல்லி முடித்துவிட்டோம் என்று நான் எண்ணவில்லை.

எனக்கு இவ்விடத்தில் நாகமானின் கதையே அதிகம் உதவுகிறது. 2 இராஜாக்கள் 5இல் அவர் இஸ்ரவேலின் தேவனை அறிந்த பின்பும், பணியின் நிமித்தம் ரிம்மோன் கோவிலில் அரசனோடு குனிய வேண்டியிருக்கும் என்று தீர்க்கதரிசியிடம் முன்கூட்டியே அறிக்கையிடுகிறார். எலிசா அனுமதி தந்ததாகவும் இல்லை, கண்டித்ததாகவும் இல்லை. சமாதானத்தோடே போகச் சொல்லுகிறார். பதவியை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை என்பது பெரிது. நம் சபைகளில் அரசு ஊழியர் தம் அலுவலகக் குனிவுகளை அறிக்கையிட ஓர் இடம் உண்டா? லுத்தரன் மரபில் தனியறிக்கை கைவிடப்படவில்லை என்று பாடத்தில் கற்பிக்கிறோம். நடைமுறையில் அதைத் தேடி வரும் வருவாய் ஆய்வாளரை எத்தனை ஆயர்மார் கண்டிருக்கிறார்கள்?

சாதிப் பிரச்சினையில் நழுவாத ஒருவரையும் இம்மண் அறியும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனெரி, லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்வதை எதிர்த்துப் பிரிந்து, பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். பின்னர் தேனிய மிஷன் அப்பணியை ஏற்றது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர்களுள் அது ஒன்று. அவருக்குப் பிரிந்துபோக இடமிருந்தது. சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் எழுத்தருக்கு அவ்விடம் இல்லை.

கையூட்டு, கணினி, ஆயர்

கையூட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒரு செய்தி மட்டும். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தால் மட்டுமே விலக்கு. இதை அறியாத கைம்பெண்கள் நம் சபைகளில் ஏராளம். ஆயர்மார் அறிவிப்பு நேரத்தில் சொல்லலாம்.

கணினி வந்தபின் இவ்விடர்ப்பாடுகள் தீர்ந்தன என்று சிலர் எண்ணுகின்றனர். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 1 கோடியே 6 லட்சம் பேர் ஏற்கப்பட்டனர். வருமானம், நிலம், ஆண்டுக்கு 3,600 அலகு மின்சாரம் என்ற அளவுகோல்கள் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. முகம் பாராமை என்ற நன்மை இதில் உண்டு. ஆனால் ஒரே மின் இணைப்பில் மூன்று குடும்பம் வாழ்வதைக் கணினி அறியாது. அறிந்த எழுத்தருக்கு அதை எழுத ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. முன்பு அவருக்குத் தீர்மானிக்கும் பாரம் இருந்தது. இப்போது தீர்மானித்தது யாரென்று மனுதாரருக்குச் சொல்ல முடியாத பாரம் வந்திருக்கிறது.

1523இல் லைஸ்னிக் என்னும் சிற்றூரின் பொதுப் பணப்பெட்டி ஒழுங்குமுறைக்கு லூத்தர் முன்னுரை எழுதினார். ஏழைகளுக்கான அப்பெட்டியை மேற்பார்க்கத் தெரிந்தெடுக்கப்பட்ட பதின்மரில் மூவர் உழவர். தீர்மானிக்கும் சுமையை ஒருவர் தோளில் மட்டும் வைக்கலாகாது என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். நம் கிறிஸ்தவ ஊழியர் செய்யக்கூடியனவும் இத்தகைய சிறியவையே: அடுப்பைக் கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதி, மேலதிகாரியும் அச்சுமையைத் தாங்கும்படி செய்தல், தள்ளும்போது காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் மனுதாரர் மொழியில் கூறுதல், தமக்கு நெருங்கியவர் மனுவை மற்றொருவரிடம் ஒப்படைத்தல், கேளாதவர் யாரென்று ஆண்டுக்கொருமுறையேனும் தெருத்தெருவாய்ப் பார்த்தல். லூக்கா 16இல் எசமானின் கடன்சீட்டைத் தானே குறைத்தெழுதிய உக்கிராணக்காரனை அவர்கள் பின்பற்றலாமா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவன் குறைத்தது தன் எதிர்காலத்தை எண்ணி. எழுத்தர் குறைத்தெழுதுவது யாருடைய எதிர்காலத்தை எண்ணி என்பதை அவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயரும் ஓர் எழுத்தரே என்பதை மறத்தலாகாது. வயதுச் சான்றுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கேட்டு வருகிறார்கள். பதிவு கிடைக்காதபோது ‘அறுபது என்று போட்டுக் கொடுங்கள் ஐயா’ என்கிறார்கள். அடக்கப் பதிவேட்டிலும் சோதனை உண்டு. உதவித்தொகை பெற்றுவந்த பாட்டியம்மாள் இறந்த வாரத்தில், பேரன் வந்து, பெட்டிக்கும் குழிக்கும் வாங்கிய கடன் தீரும்வரை இரண்டு மாதத் தொகையை எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்பான். கிராம நிர்வாக அலுவலர் அதே சபையின் அங்கத்தினராயிருந்தால், அவரும் அடக்க ஆராதனையில் நின்றிருப்பார். ஆயர் தேதியை அன்றே எழுதிவிட வேண்டும் என்பதே என் கருத்து. காலியான அவ்விடத்துக்குப் பட்டியலில் வேறொரு கிழவி காத்திருக்கிறாள். ஆனால் அவ்வாறு எழுதுகிற ஆயர், சபையின் ஏழைகள் நிதியில் அந்தக் குழிக்கடனுக்கு என்ன இருக்கிறது என்பதை அதே நாளில் பொருளாளரிடம் கேட்டாக வேண்டும். பல சபைகளில் அந்நிதி ஆலயச் சுற்றுச்சுவருக்குச் சென்றுவிட்டது.